ஒரே எழுத்துக்கூட்டு, இரண்டு சொல்: ஆங்கிலத்தின் பழைய ‘யீ’

கேள்வி:

நான் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை. சென்னைக் கோட்டைக்குள் இருக்கும் புனித மேரி தேவாலயத்தைப் பற்றி ஒரு சிறு நூல் எழுத வேண்டுமென்று ஆசை. அதற்காக ஜார்ஜ் கோட்டையின் பழைய ஆவணங்கள் அச்சாகியிருக்கும் தொகுதிகளைப் படித்துவருகிறேன். 1670, 1680-களில் எழுதிய பக்கங்களில் ‘ஒய்’, ‘இ’ என்ற இரண்டு எழுத்தில் ஒரு சொல் வரிக்கு வரி வருகிறது. வீட்டில் உள்ள கிங் ஜேம்ஸ் பைபிளிலும் அதே சொல் இருக்கிறது. அங்கே ‘நீங்கள்’ என்று பொருள் வைத்தால் சரியாக வருகிறது. கோட்டை ஆவணத்தில் அப்படி வைத்தால் வாக்கியமே குலைந்துபோகிறது. லண்டனில் வேலை பார்க்கும் மகன் ஒரு பழைய மதுக்கடையின் படத்தை அனுப்பினான். அதன் பெயர்ப்பலகையும் இதே சொல்லில்தான் தொடங்குகிறது. ஆவணங்களில் சில இடங்களில் ‘ஒய்-டி’, ‘ஒய்-எம்’ என்றும் பார்க்கிறேன். இதெல்லாம் ஒரே சொல்லா? எப்படி உச்சரிப்பது? என் நூலில் மேற்கோள் காட்டும்போது எப்படி எழுதுவது?

– வாசகி, பெரம்பூர், சென்னை

பதில்:

அம்மா, நீங்கள் பார்த்தவை இரண்டு வேறு சொற்கள். பைபிளில் வருவது ‘யீ’; ‘நீங்கள்’ என்று நீங்கள் கொண்ட பொருள் சரி. கோட்டை ஆவணத்தில் வருவது ‘தி’. ‘தி இந்து’ என்று நாளிதழின் பெயரைச் சொல்கிறோமே, அதே ‘தி’. மதுக்கடைப் பலகையில் இருப்பதும் ‘தி’தான். இரண்டும் பிறந்த இடம் வேறு, பொருள் வேறு, ஒலியும் வேறு. நடுவில் ஓர் எழுத்து உருமாறிப்போனதால் இரண்டும் ஒரே எழுத்துக்கூட்டில் வந்து நிற்கின்றன.

அந்த எழுத்தின் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். அது தெரிந்துவிட்டால் உங்கள் ‘ஒய்-டி’, ‘ஒய்-எம்’ எல்லாம் தானாகவே அவிழ்ந்துவிடும்.

‘திஸ்’, ‘திங்க்’ என்னும் சொற்களின் முதலில் வரும் ஒலியை இன்று ஆங்கிலத்தில் ‘டி’, ‘எச்’ என்ற இரண்டு எழுத்தைச் சேர்த்து எழுதுகிறார்கள். லத்தீனுக்கு அந்த ஒலி இல்லை, அதனால் லத்தீன் நெடுங்கணக்கில் அதற்கு எழுத்தும் இல்லை. ஆங்கிலேயரின் முன்னோர் கிறிஸ்தவராகி, துறவிகளிடம் லத்தீன் எழுத்தைக் கற்று, தங்கள் மொழியை எழுதத் தொடங்கியபோது இது பெரிய இடைஞ்சலாக இருந்தது. ஏனென்றால் அந்த ஒலி இல்லாமல் ஆங்கிலத்தில் ஒரு வாக்கியம் பேசி முடிப்பது கடினம். தொடக்கத்தில் சிலர் ‘டி-எச்’ என்றே எழுதிப் பார்த்தார்கள். பிறகு, கல்லிலும் மரத்திலும் எலும்பிலும் செதுக்கிவந்த தங்கள் பழைய ரூன் எழுத்துகளிலிருந்தே ஒன்றைக் கொண்டுவந்து லத்தீன் வரிசையில் சேர்த்துக்கொண்டார்கள். அந்த எழுத்தின் பெயர் ‘தோர்ன்’. முள் என்று பொருள். நேராக நிற்கும் ஒரு கோடு, அதன் நடுவில் வலப்பக்கம் ஒரு சிறு வயிறு. பார்த்தால் தண்டில் முள் முளைத்தது போலத்தான் இருக்கும். இதே வேலைக்கு ‘எத்’ என்று இன்னோர் எழுத்தும் இருந்தது. பழைய ஏடுகளில் ஒரே பக்கத்தில் ஒரே சொல்லை ஒருமுறை தோர்ன் போட்டும் மறுமுறை எத் போட்டும் எழுதியிருப்பார்கள். இரண்டுக்கும் வேறுபாடு பார்க்கவில்லை.

1066-இல் நார்மானியர் இங்கிலாந்தைப் பிடித்தபின், பிரெஞ்சும் லத்தீனும் படித்த எழுத்தர்கள் கைக்கு ஆங்கிலம் போனது. அவர்கள் பழக்கத்தில் இல்லாத எழுத்துகள் ஒவ்வொன்றாக உதிர்ந்தன. ‘எத்’ 1300-ஐ ஒட்டி மறைந்தது. ‘டி-எச்’ மெல்லத் திரும்பி வந்தது. தோர்ன் மட்டும் பிடிவாதமாக நின்றது. காரணம், மிக அதிகமாக வரும் சிறுசொற்களில் அது இருந்தது: தி, தட், திஸ், தெம், தவ். எழுத்தர்கள் அன்றாடம் நூறு தடவை எழுதும் சொற்கள் இவை. எனவே சுருக்கி எழுதினார்கள். தோர்னைப் போட்டு, அதன் தோளில் பொடியாக ஓர் ‘இ’ வைத்தால் ‘தி’. பொடியாக ‘டி’ வைத்தால் ‘தட்’. ‘எம்’ வைத்தால் ‘தெம்’.

அவசரமாக எழுதும் கையில் எழுத்து தேயும். தோர்னின் நெட்டுக்கோட்டின் மேல்பகுதி குட்டையானது. வயிறு மேல்பக்கம் திறந்துகொண்டது. கீழ்க்கோடு இடப்பக்கம் சாய்ந்தது. 14, 15-ஆம் நூற்றாண்டு ஏடுகளில் பல கைகளில் அது ‘ஒய்’ எழுத்தாகவே ஆகிவிட்டது. வடக்கு இங்கிலாந்து எழுத்தர்கள் இரண்டுக்கும் ஒரே வடிவத்தையே எழுதினார்கள். வேறு சிலர் குழப்பம் வேண்டாமென்று உண்மையான ‘ஒய்’ மேல் ஒரு புள்ளி வைத்தார்கள். நம் ஓலைச்சுவடிகளில் துணைக்காலும் ‘ர’கரமும் ஒரே வடிவில் இருக்கும், படிப்பவர் இடம் பார்த்துப் பிரித்துக்கொள்ள வேண்டும் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். அதே நிலைமைதான் அங்கும். சுவடி படித்துப் பழகியவருக்கு அதில் குழப்பம் வராதது போல, அன்றைய ஆங்கில வாசகருக்கும் ‘ஒய்’ தோளில் ‘இ’யைக் கண்டால் வாயில் ‘தி’ என்றுதான் வந்தது. ‘யீ’ என்று ஒருவரும் படிக்கவில்லை.

பழியை அச்சகத்தின் மேல் போடுவது வழக்கம். வில்லியம் காக்ஸ்டன் 1476-இல் வெஸ்ட்மின்ஸ்டரில் அச்சுக்கூடம் வைத்தார். அவர் தொழில் கற்றது கொலோனிலும் புரூஜிலும். அவர் கொண்டுவந்த எழுத்துகள் ஐரோப்பியக் கண்டத்தில் வார்த்தவை. அவற்றில் தோர்ன் இல்லை. ஆகவே அதற்குப் பதில் ‘ஒய்’யைப் போட்டார் என்று கதை சொல்வார்கள். இதில் பாதி உண்மை. எழுத்து இல்லை என்பது சரி. ஆனால் பெரும்பாலான இடங்களில் காக்ஸ்டன் ‘டி-எச்’ என்று முழுதாகத்தான் கோத்தார். ‘ஒய்’ குழப்பம் அவர் பிறப்பதற்கு முன்பே கையெழுத்தில் வந்துவிட்டது. அச்சுக்கோப்பவர்கள் கையில் இருந்த வழக்கத்தை எடுத்துக்கொண்டார்கள், அதுவும் தேவைப்பட்ட இடத்தில் மட்டும்.

அந்தத் தேவையை நீங்கள் கண்ணால் பார்க்கலாம். 1611-இல் வெளிவந்த கிங் ஜேம்ஸ் பைபிளின் முதல் பதிப்பைப் படியெடுத்த நூல் எங்காவது கிடைத்தால், ரோமருக்கு எழுதிய நிருபம் 15-ஆம் அதிகாரம் 29-ஆம் வசனத்தை எடுத்துப் பாருங்கள். ‘தி’ என்று வர வேண்டிய ஓரிடத்தில் ‘ஒய்’ மேல் குட்டி ‘இ’ நிற்கும். சுற்றிலும் மற்ற ‘தி’யெல்லாம் முழு எழுத்தில் இருக்கும். இப்படி அங்கொன்றும் இங்கொன்றுமாக வருவதற்குக் காரணம் பத்தியின் அகலம். இரண்டு பத்தியாக அச்சிட்ட பக்கம். ஒவ்வொரு வரியும் இரு ஓரத்திலும் நேராக முடிய வேண்டும். ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாகக் கோத்துக்கொண்டு வருபவர் வரி முடியும் இடத்தில் ஓர் எழுத்துக்கு இடம் போதவில்லை என்று கண்டால், மூன்றெழுத்து ‘தி’யைக் கழற்றிவிட்டு இந்த ஒற்றை எழுத்தகலச் சுருக்கத்தைச் செருகுவார். வரி நேராகிவிடும். அச்சுக்கோக்கும் தொழில் தெரிந்தவர்கள் இதைப் பிழை என்று சொல்லவே மாட்டார்கள். உங்கள் வீட்டுப் பைபிளில் இது இருக்காது. இன்று கிடைப்பவை பெரும்பாலும் 1769-இல் ஆக்ஸ்போர்டில் திருத்திய பாடத்தைப் பின்பற்றுகின்றன. அதில் எல்லாம் முழுதாக எழுதப்பட்டுவிட்டன.

அச்சில் அரிதாகிவிட்ட பிறகும் கையெழுத்தில் இந்தச் சுருக்கம் வெகுகாலம் உயிரோடு இருந்தது. கடிதம், கணக்கு, கல்லறைக் கல், கப்பல் நாட்குறிப்பு எல்லாவற்றிலும் 17-ஆம் நூற்றாண்டு முழுக்க அதைக் காணலாம். கிழக்கிந்தியக் கம்பெனியின் எழுத்தர்கள் அந்தப் பழக்கத்தோடுதான் சோழமண்டலக் கரைக்கு வந்திறங்கினார்கள். ஸ்ட்ரைன்ஷம் மாஸ்டர் கவர்னராக இருந்து, புனித மேரி தேவாலயம் 1680 அக்டோபரில் பிரதிஷ்டை செய்யப்பட்ட காலத்துப் பக்கங்களை நீங்கள் படிக்கிறீர்கள். அந்த எழுத்தர்களின் வேலையை நினைத்துப் பாருங்கள். ஆலோசனை சபையில் பேசியதையெல்லாம் பதிவேட்டில் எழுத வேண்டும். லண்டனுக்கு அனுப்பப் படியெடுக்க வேண்டும். ஒரு கப்பல் மூழ்கினாலும் இன்னொன்று போய்ச் சேரட்டும் என்று அதே கடிதத்துக்கு இன்னும் படிகள் எடுக்க வேண்டும். இறகுப் பேனாவில், சென்னை வெயிலில். ‘தி’க்கு மூன்றெழுத்து செலவழிக்க யாருக்கு மனம் வரும்? அதனால்தான் ‘தி’ மட்டுமல்லாமல் ‘விச்’, ‘வித்’, ‘ஹானரபிள்’, ‘கவர்னர்’ என்று அடிக்கடி வரும் சொல்லெல்லாம் தோளில் பொடி எழுத்துச் சுமந்து நிற்கிறது. மூலத்தில் அந்தக் குட்டி ‘இ’ மேலே உயர்ந்து இருக்கும். நீங்கள் படிக்கும் அச்சுத் தொகுதியில் அது வரிமட்டத்துக்கு இறங்கியிருந்தால், பைபிளின் ‘யீ’யோடு ஒன்றாகத் தெரிவதில் வியப்பில்லை. உங்கள் குழப்பத்தின் வேர் அங்கேதான் இருக்கிறது. எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் மூலப் பதிவேட்டையோ அதன் படத்தையோ பார்க்க வாய்ப்பு கிடைத்தால் கட்டாயம் பாருங்கள். ஒரு பக்கம் பார்த்தாலே கண் பழகிவிடும்.

18-ஆம் நூற்றாண்டு முடிவதற்குள் இந்த வழக்கம் மறைந்தது. மறைந்து ஒரு தலைமுறை ஆனதும், தோர்ன் என்று ஓர் எழுத்து இருந்ததே பொதுமக்களுக்கு மறந்துவிட்டது. பழைய தாள்களில் ‘ஒய்-இ’யைப் பார்த்தவர்கள் அதைக் கண்ணில் பட்டபடி ‘யீ’ என்று படித்தார்கள். 19-ஆம் நூற்றாண்டில் பழமை மேல் ஒரு மோகம் வந்தது. தேநீர்க்கடை, மதுக்கடை, மிட்டாய்க்கடை எல்லாம் ‘யீ ஓல்டு’ என்று பலகை மாட்டிக்கொண்டன. உங்கள் மகன் அனுப்பிய படம் ஃப்ளீட் தெருவில் உள்ள ‘செஷயர் சீஸ்’ கடையாக இருக்கும் என்று ஊகிக்கிறேன். லண்டன் பெருந்தீக்குப் பிறகு 1667-இல் திரும்பக் கட்டிய கட்டடம் அது. கட்டடத்தின் பழமையில் ஐயமில்லை. பலகையின் முதல் சொல்லை மட்டும் ‘யீ’ என்று படிக்கச் சொல்லாதீர்கள். அந்தக் கட்டடம் எழும்பியபோது யாராவது அப்படி எழுதியிருந்தால், ‘தி ஓல்டு செஷயர் சீஸ்’ என்றுதான் படித்திருப்பார்கள்.

அந்தப் பலகைகளில் ‘ஓல்டு’ என்பதன் கடைசியில் ஓர் ‘இ’ ஒட்டியிருக்குமே, அதையும் போலி என்று சிலர் தள்ளிவிடுவார்கள். அது அநியாயம். 1400-இல் மறைந்த சாசர் காலத்து ஆங்கிலத்தில், ‘தி’ என்ற சொல்லுக்குப் பின் ஒரு பெயரடை வந்தால் அதன் முடிவில் ‘இ’ சேர வேண்டும் என்பது இலக்கண விதி. அந்த ‘இ’க்கு ஒலியும் உண்டு, ‘ஓல்டெ’ என்பது போல இரண்டு அசையாகச் சொல்வார்கள். ‘ஷாப்’ என்பதைப் ‘பி’ இரட்டித்துக் கடைசியில் ‘இ’ போட்டு எழுதுவதும் சாசரிடமே உள்ள எழுத்துக்கூட்டுதான். பலகை எழுதியவருக்கு இந்த விதியெல்லாம் தெரிந்திருக்கும் என்று நான் நினைக்கவில்லை. பழைய ஏடுகளைப் பார்த்த நினைவில் எழுதியிருப்பார், அது சரியாக வந்து விழுந்துவிட்டது.

தோர்ன் முற்றிலும் சாகவில்லை. ஐஸ்லாந்தில் இன்றும் பள்ளிக் குழந்தைகள் அதை நெடுங்கணக்கில் படிக்கிறார்கள். ‘எத்’தும் கூடவே இருக்கிறது. கைப்பேசியில் ஐஸ்லாந்து விசைப்பலகையைச் சேர்த்துக்கொண்டால் நீங்களே தட்டிப் பார்க்கலாம். ஆங்கிலத்தில் இதே கதிக்கு ஆளான இன்னோர் எழுத்தும் உண்டு. ‘யோக்’ என்று பெயர். ஸ்காட்லாந்து அச்சகங்களில் அதற்குப் பதிலாக, வடிவத்தில் ஒத்திருந்த ‘இசட்’ எழுத்தைப் போட்டார்கள். ‘மென்சிஸ்’ என்று எழுதும் குடும்பப் பெயரை ஸ்காட்லாந்தில் ‘மிங்கிஸ்’ என்பதற்கு நெருக்கமாக உச்சரிப்பது அதனால்தான். ஆஸ்திரேலியப் பிரதமராக இருந்த ராபர்ட் மென்சிஸுக்கு ‘மிங்’ என்ற பட்டப்பெயர் வந்ததும் அந்த வழியில்.

இனி பைபிளின் ‘யீ’. எனக்கு நெருக்கமான சொல் இது. தமிழர்களால் இதை ஆங்கிலேயரைவிட நன்றாக உணர முடியும் என்று நம்புகிறேன்.

இந்தச் சொல் பழைய ஆங்கிலத்தில் ‘ஜி’, ‘இ’ என்ற எழுத்துகளால் எழுதப்பட்டது. அங்கே ‘ஜி’க்கு ‘ய’ ஒலி; ‘யே’ என்று நீட்டிச் சொல்வார்கள். நடுக்காலத்தில், சற்றுமுன் சொன்ன ‘யோக்’ எழுத்தால் எழுதினார்கள். பிறகு ‘ஒய்’ வந்தது. 1611 பைபிளில் ‘இ’ ஒன்று போட்டும் இரண்டு போட்டும் காணலாம். எழுத்துக்கூட்டு எத்தனை முறை மாறினாலும் சொல்லின் வேலை மாறவில்லை: ஒன்றுக்கு மேற்பட்டவரை முன்னிலையில் அழைப்பது.

அன்றைய ஆங்கிலத்தில் ஒருவரை அழைக்க ‘தவ்’. நம் ‘நீ’. பலரை அழைக்க ‘யீ’. நம் ‘நீங்கள்’. வேற்றுமை ஏற்றால் ‘தவ்’ என்பது ‘தீ’ ஆகும். ‘நீ’ என்பது ‘உன்னை’, ‘உனக்கு’ ஆவது போல. ‘யீ’ என்பது ‘யூ’ ஆகும். ‘நீங்கள்’ என்பது ‘உங்களை’, ‘உங்களுக்கு’ ஆவது போல. இன்று உலகம் முழுக்க எழுவாயாகப் பயன்படும் ‘யூ’, பிறப்பில் செயப்படுபொருளுக்கு உரியது. பழைய ஆங்கிலத்தில் ‘நீங்கள் இருவர்’ என்பதற்கென்றே ஒரு சொல்கூட இருந்தது. அது 13-ஆம் நூற்றாண்டோடு போய்விட்டது.

இந்த ஏற்பாடு எவ்வளவு பயனுள்ளது என்று காட்ட ஓர் இடம் போதும். யோவான் சுவிசேஷம் 3-ஆம் அதிகாரத்தில் நிக்கொதேமு இரவில் இயேசுவிடம் வருகிறார். 7-ஆம் வசனத்தில், மறுபடி பிறப்பதைப் பற்றி இயேசு அவரிடம் சொல்கிறார். கிங் ஜேம்ஸ் பாடத்தில் அந்த ஒரே வாக்கியத்துக்குள் ‘தீ’ என்ற ஒருமையும் ‘யீ’ என்ற பன்மையும் வருகின்றன. நம் தமிழ் வேதாகமத்தின் பழைய திருப்புதலைத் திறந்து பாருங்கள். ‘உனக்கு’, ‘நீங்கள்’ என்று இரண்டும் தெளிவாக நிற்கின்றன. பேசுவது ஒருவரிடம், சொல்லும் செய்தி எல்லோருக்கும். இன்றைய ஆங்கில மொழிபெயர்ப்பில் இரண்டு இடத்திலும் ‘யூ’தான் இருக்கும். அடிக்குறிப்புப் போட்டு விளக்கினாலொழிய அந்த நுட்பம் வாசகரை எட்டாது. லூக்கா 22-ஆம் அதிகாரத்தில் இன்னும் கூர்மையாக இருக்கிறது. சாத்தான் சீடர்கள் எல்லோரையும் சோதிக்கக் கேட்டிருக்கிறான். இயேசு பேதுரு ஒருவனுக்காக வேண்டிக்கொண்டிருக்கிறார். 31-ஆம் வசனத்தில் பன்மை, 32-இல் ஒருமை. தமிழில் ‘உங்களை’, ‘உனக்காக’. ஆங்கிலத்தில் இன்று இரண்டும் ஒன்றே. அந்தப் பகுதியை இன்றைய ஆங்கிலத்தில் மட்டும் படித்தவர், சாத்தான் பேதுருவை மட்டும் கேட்டான் என்று எண்ணிக்கொண்டால் அவரைக் குறை சொல்ல முடியாது.

கிங் ஜேம்ஸ் மொழிபெயர்ப்பாளர்கள் எபிரேயத்திலும் கிரேக்கத்திலும் இருந்த ஒருமை பன்மையை அப்படியே காட்டினார்கள். மரியாதையை அவர்கள் கணக்கில் எடுக்கவில்லை. நிக்கொதேமு இயேசுவிடம் பேசும்போதும் ‘தவ்’. இயேசு அவரிடம் பேசும்போதும் ‘தவ்’. தமிழில் நிக்கொதேமு ‘நீர்’ என்கிறார், இயேசு ‘நீ’ என்கிறார். மரியாதைக்கு நம்மிடம் இன்னொரு படி இருப்பதால் தமிழ் மொழிபெயர்ப்பாளர்கள் அதையும் பயன்படுத்திக்கொண்டார்கள். ‘தவ்’ என்பது கடவுளுக்குரிய பயபக்தியான சொல் என்று பலர் நினைக்கிறார்கள். பைபிளிலும் ஜெபத்திலும் மட்டுமே அதைக் கேட்டுவருவதால் வந்த எண்ணம் அது. அடிப்படையில் அது ‘நீ’தான்.

கிங் ஜேம்ஸ் பைபிள் வெளிவந்தபோதே இந்த நடை பழையது. 1526-இல் புதிய ஏற்பாட்டை மொழிபெயர்த்த வில்லியம் டிண்டேலின் நடையை அவர்கள் பெரும்பாலும் காப்பாற்றிக்கொண்டார்கள். வெளியே தெருவில் பேச்சு வேறு திசையில் போய்க்கொண்டிருந்தது. 13-ஆம் நூற்றாண்டிலேயே, பிரெஞ்சு அரசவை வழக்கத்தைப் பார்த்து, பெரிய மனிதர் ஒருவரைப் பன்மையில் அழைக்கத் தொடங்கியிருந்தார்கள். நாம் ஒருவரை ‘நீங்கள்’ என்கிறோமே, அதே மாதிரி. நாளடைவில் ‘தவ்’ என்பது பிள்ளைகளுக்கும் வேலைக்காரருக்கும் நெருங்கியவருக்கும் என்று ஒதுங்கியது. கோபத்தில் சொன்னால் வசை. 1603-இல் வால்டர் ராலே மீது ராஜதுரோக வழக்கு நடந்தபோது, அரசு வழக்குரைஞர் எட்வர்ட் கோக் மன்றத்தில் அவரைத் ‘தவ்’ என்று அழைத்து அவமதித்தார். அப்படி அழைக்கிறேன் என்று சொல்லிக்காட்டியே அழைத்தார். அதன் காரம் ஆங்கிலேயருக்கு இன்று உறைக்காது. நடுத்தெருவில் ஒரு பெரியவரை ‘டா’ போட்டுப் பேசினால் என்ன ஆகும் என்று தெரிந்த நமக்கு உறைக்கும்.

இதை எதிர்த்து ஒரு கூட்டம் கிளம்பியது. ஜார்ஜ் ஃபாக்ஸும் அவரைப் பின்பற்றிய குவேக்கர்களும், கடவுள் முன் எல்லோரும் சமம், ஆகவே நீதிபதியானாலும் பிரபுவானாலும் ஒருவரென்றால் ‘தவ்’தான் என்று நின்றார்கள். அடி வாங்கினார்கள், சிறை சென்றார்கள். ஒருவருக்கு ஒருமை, பலருக்குப் பன்மை என்பதே முறை என்று பல மொழிகளிலிருந்து சான்று காட்டி, ஃபாக்ஸ் வேறு இருவரோடு சேர்ந்து 1660-இல் ஒரு நூலே வெளியிட்டார். ஆனால் சமூகம் அவர்கள் வழியே வரவில்லை. முன்பின் தெரியாதவரை எப்படி அழைப்பது என்ற தயக்கத்தில் எல்லோரும் எல்லோரையும் ‘யூ’ என்று சொல்லிவிட்டார்கள். பாதுகாப்பான வழி அதுதான். உங்கள் ஆவணங்களை எழுதிய கோட்டை எழுத்தர்கள், ‘தவ்’ பேச்சில் இருந்து விடைபெற்றுக்கொண்டிருந்த அதே பத்தாண்டுகளில் வாழ்ந்தவர்கள்.

‘யீ’ எப்படி ‘யூ’விடம் தோற்றது என்பது தனிக் கேள்வி. வேகமாகப் பேசும்போது இரண்டும் ஒரே மாதிரி மங்கலாக ஒலித்தன. போதாததற்கு, ஒருமையில் எழுவாய் ‘தவ்’, வேற்றுமை ஏற்றது ‘தீ’. பன்மையில் எழுவாய் ‘யீ’, வேற்றுமை ஏற்றது ‘யூ’. உயிரொலி ஒன்றுக்கொன்று தலைகீழ். எது எங்கே என்று நாக்கு தடுமாறியது. ஷேக்ஸ்பியர் நாடகங்களில் இரண்டும் வேறுபாடின்றிக் கலந்தே வருகின்றன. 17-ஆம் நூற்றாண்டு முடிவதற்குள் பொதுப் பேச்சில் ‘யூ’ நின்றது.

தோர்ன் போனதை நான் ஒரு நஷ்டமாகக் கருதவில்லை. ‘டி-எச்’ இருக்கிறது, வேலை நடக்கிறது. ‘தவ்’வும் ‘யீ’யும் போனது உண்மையான நஷ்டம். அதை ஆங்கிலம் பேசுபவர்களே உணர்ந்திருக்கிறார்கள் என்பதற்கு, ஊருக்கு ஊர் அவர்கள் உண்டாக்கிக்கொண்ட புதிய பன்மைகளே சாட்சி. அமெரிக்கத் தெற்கில் ‘யால்’, வேறு பல இடங்களில் ‘யூஸ்’. அயர்லாந்தில், முக்கியமாகத் தெற்கிலும் மேற்கிலும், பழைய ‘யீ’யே பன்மையாகப் புழங்குகிறது. கார்க்கிலோ கால்வேயிலோ இரண்டு பேரைப் பார்த்து ‘எங்கே போகிறீர்கள்?’ என்று கேட்பவர் இயல்பாக அந்தச் சொல்லைச் சொல்வார். அவருக்கு அது பைபிள் சொல் இல்லை, வீட்டுச் சொல்.

கிறிஸ்துமஸ் காலத்தில் உங்கள் தேவாலயத்திலும் பாடும் ‘ஓ கம் ஆல் யீ ஃபெய்த்ஃபுல்’ என்பதில் வருவது இந்த ‘நீங்கள்’தான், பலரை அழைக்கும் பாட்டு அது. நீதிமன்ற அறிவிப்பாளர் கூவும் ‘ஓயே’ மட்டும் இந்தக் குடும்பம் இல்லை. ‘கேளுங்கள்’ என்னும் பழைய பிரெஞ்சுச் சொல் அது. கோட்டை ஆவணங்களில் நீதிமன்ற நடவடிக்கை வரும் இடங்களில் அதைச் சந்தித்தால் கலந்துவிட வேண்டாம்.

உங்கள் நூலுக்கு வருவோம். ஆவணத்தில் ‘ஒய்-இ’ வரும்போது, அடுத்த சொல் பெயர்ச்சொல்லாகவோ பெயரடையாகவோ இருந்தால் ‘தி’ என்று படியுங்கள். அடுத்தது வினையாக இருந்து, யாரையாவது நேராக விளிக்கும் கடிதமாகவும் இருந்தால் மட்டும் ‘யீ’யா என்று யோசியுங்கள். கம்பெனிப் பதிவேட்டில் அப்படி வருவது அபூர்வம். ‘ஒய்-டி’ என்பதை ‘தட்’ என்றும், ‘ஒய்-எம்’ என்பதை ‘தெம்’ என்றும் படிக்கலாம். ‘ஒய்-எஸ்’ வந்தால் ‘திஸ்’ஸாக இருக்கும், வாக்கியத்தில் வைத்துப் பார்த்து உறுதிசெய்துகொள்ளுங்கள்.

மேற்கோளில் ஆங்கில மூலத்தை அப்படியே தருவதானால், ஆவணப் பதிப்பாளர்கள் செய்வது போல ‘டி-எச்-இ’ என்று விரித்தே எழுதுங்கள். மூலத்தில் இல்லாத எழுத்தைச் சேர்த்திருக்கிறோம் என்று காட்ட, விரித்த எழுத்துகளைச் சாய்வெழுத்தில் போடுவது வழக்கம். அது அச்சுக்கு வசதிப்படாது என்றால், ‘தோர்ன் எழுத்துச் சுருக்கங்கள் விரித்து எழுதப்பட்டுள்ளன’ என்று முன்னுரையில் ஒரு வரி போதும். ‘ஒய்-இ’ என்றே விட்டுவிட்டால் பார்க்கப் பழமையாகத்தான் இருக்கும், ஆனால் உங்கள் வாசகர் ‘யீ’ என்று தப்பாகப் படிப்பார். மற்ற எழுத்துக்கூட்டுகளை, அதாவது இடப்பெயர், ஆள்பெயர், ‘டவுன்’ என்பதன் கடைசியில் வரும் வெற்று ‘இ’ போன்றவற்றை, திருத்தாமல் விட்டுவிடுங்கள். சென்னையின் பேட்டைப் பெயர்களை அந்த எழுத்தர்கள் காதில் கேட்டபடி எழுதியிருக்கிறார்கள். அன்றைய உச்சரிப்புக்கு அவை நேரடிச் சான்று. தமிழில் மொழிபெயர்த்துத் தரும் இடங்களில் இந்தத் தொல்லையே இல்லை. ‘தி’ என்பதற்குத் தமிழில் சொல் தேவைப்படாது, விட்டுவிடலாம்.